கராஜ் கூரையில் இரண்டு கண்கள்

ஹரோவில் கல்யாணசுந்தரம் என்று கேட்டால் ஆளைத் தெரியாது. கதவுக் கல்யாணம் என்றால், "அந்த வெள்ளை வான் நிக்குதே, அதுதான் வீடு" என்று கை காட்டுவார்கள். வீட்டு வாசல் கதவுகளை அவர் தொடுவதில்லை. கராஜ் கதவு மட்டும்தான். எண்பத்தைந்தில் ஜெர்மனிக்குப் போய், டோர்ட்முண்டில் ஒரு கதவுக் கொம்பனியில் பதினாறு வருடம் நின்று, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று 2002இல் லண்டனுக்கு வந்து சேர்ந்தவர். வரும்போது கொண்டுவந்தது இரண்டு பெட்டி உடுப்பும் நாலு பெட்டி வேலை ஆயுதங்களும் என்று மனைவி பியற்றிஸ் இன்றும் குறை சொல்வாள்.

தமிழர் வீட்டுக் கராஜில் கார் நிற்பது அபூர்வம் என்பதை வந்த ஆறு மாதத்துக்குள் கண்டுகொண்டார். உள்ளே ஆளுயரக் குளிர்பெட்டி இருக்கும். அரிசி மூட்டை அடுக்கியிருக்கும். மீன் பொரிக்கிற மணம் கார்பெட்டில் ஏறக்கூடாது என்று இரண்டாவது அடுப்பு ஒன்று மூலையில் எரியும். புகை போகட்டும் என்று கதவை ஓரடி தூக்கிவிட்டிருப்பார்கள். வெள்ளைக்காரர் வீட்டில் நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும் கதவு இங்கே பத்துத் தடவை ஏறி இறங்கும்.

"அவைக்குப் பதினைஞ்சு வருசம் வாற ஸ்பிரிங் உங்களுக்கு மூண்டு வருசத்தில முறியும் அக்கா. முறியேக்க பக்கத்தில நிக்காதேங்கோ. கழட்டிப் பாக்கிறன் எண்டு வீட்டுக்காரரையும் விடாதேங்கோ. ஆளைத் தூக்கி எறியும்."

பொரியல் எண்ணெயின் ஆவி போய் எங்கே படியும் என்பதும் அவருக்குத் தெரியும். கதவின் இரண்டு பக்கமும், நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு கறுப்புக் கண்ணாடித் துண்டுகள் இருக்கும். சென்சர். அவர் அவற்றைக் கண் என்றுதான் சொல்வார். இரண்டுக்கும் நடுவில் பூனை குறுக்கிட்டாலும் இறங்கும் கதவு நின்று மேலே போய்விடும். தெருவில் பழைய வாடிக்கையாளரைக் கண்டால் அவர் சுகம் விசாரிப்பதில்லை. "கண்ணைத் துடைச்சனீங்களோ?" என்றுதான் கேட்பார்.

ஒரு கதவைப் பார்க்கப் போனால் அவருக்கென்று ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டாரிலிருந்து கதவைப் பிரிப்பார். கையால் இடுப்பளவுக்குத் தூக்கிக் கையை விடுவார். அந்தரத்தில் நின்றால் ஸ்பிரிங் நல்லது, விழுந்தால் களைத்துப் போய்விட்டது. பிறகு கம்பிவடத்தில் இழை பிரிந்திருக்கிறதா என்று துணியால் உருவிப் பார்ப்பார். வெறும் விரலால் ஒருநாளும் உருவமாட்டார். பக்கத் தடத்தில் உருளும் சில்லுக்கும் கதவு மடியும் பிணைச்சலுக்கும் எண்ணெய் விடுவார். கடைசியில் வீட்டுக்காரியிடம் கை துடைக்கிற காகிதச் சுருள், கிச்சன் ரோல், ஒன்று கேட்டு, அதைக் கதவின் கீழே கண்ணுக்குப் படாமல் படுக்கவைத்துப் பொத்தானை அமத்துவார். கதவு அதைத் தொட்டதும் திரும்பி மேலே போகவேண்டும். நசித்தால் அவர் அந்த வீட்டைவிட்டு அசையமாட்டார்.

மழைக்குள் நின்று அலுத்தவர்கள் கேட்பதுண்டு. "அண்ணை, அந்தச் சனியன் கண்ணைக் கழட்டி விடுங்கோவன். சும்மா சும்மா மேல போகுது."

"கண்ணைக் கழட்டிறதெண்டால் கதவையும் கழட்டி வானில ஏத்திக்கொண்டு போறன். சம்மதமோ?"

இப்படிப்பட்டவர்தான் 2006 ஒக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் காரியத்தைச் செய்தார்.

அன்று ஹவுன்ஸ்லோவில், விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் ஒருவரின் வீட்டில் நின்றார். ஏணியில் ஏறி, இரண்டு கையாலும் இரண்டு இரும்புக் கம்பியைப் பிடித்து ஸ்பிரிங்கை முறுக்கிக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் தொலைபேசி அடித்தது. ஒரு கம்பியைச் சட்டத்தில் முட்டுக்கொடுத்துவிட்டு, தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் செருகிக்கொண்டார். வேறு எவரும் அப்படி நின்று பேசக் கண்டால் ஏணியிலிருந்து இறக்கிவிட்டிருப்பார்.

பேசியது சுந்தரராஜன். கோயம்புத்தூர்க்காரர், கனறி வோர்ஃபில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் வேலை. முந்தைய வருடம் அவர் வீட்டுக்குப் புதுக் கதவு போட்டுக்கொடுத்தது கல்யாணசுந்தரம்தான்.

"சார், கதவு மூடமாட்டேங்குது. ஒரு ஜாண் இறங்குது, திரும்ப மேல போயிடுது. மேல லைட் விட்டு விட்டு எரியுது."

"முன்னுக்கு ஏதும் நிக்குதோ தம்பி?"

"ஒண்ணுமே இல்ல சார். பூஜை முடிச்சிட்டுக் கோயிலுக்குக் கிளம்பிட்டோம். பொண்டாட்டி, குழந்தை எல்லாம் கார்ல உக்காந்தாச்சு. தெறந்து போட்டுட்டுப் போகவும் முடியல."

ஸ்பிரிங் கையில் துடித்தது. கண் பழுதாகிவிட்டது என்று அந்தக் கணத்தில் அவர் முடிவுகட்டினார்.

"ரண்டு பக்கமும் கீழ ரண்டு கறுப்புக் கண் இருக்கும். ரண்டையும் கழட்டுங்கோ. வயரைக் கிளிப்பில இருந்து இழுத்தால் மோட்டர் வரைக்கும் வரும். மேல கொண்டுபோய் ஒண்டை ஒண்டு பாக்கிற மாதிரி வைச்சு ஒட்டுற ரேப்பால சுத்திவிடுங்கோ. வியாழக்கிழமை நான் புதுக் கண் கொண்டு வாறன்."

இருபது நிமிடத்தில் குறுஞ்செய்தி வந்தது: வேலை செய்கிறது, நன்றி.

சுவரிலிருக்கும் பொத்தானைக் கையெடுக்காமல் அமத்திப் பிடித்தால் கண் இல்லாமலும் கதவு ஒருதடவை இறங்கியிருக்கும். வீட்டு வாசலால் அவர்கள் வெளியே போயிருக்கலாம். அதைச் சொல்ல அவருக்கு நினைவு வரவில்லை. வியாழக்கிழமையும் நினைவு வரவில்லை. வீட்டுக்கு வரும் அழைப்பை பியற்றிஸ் கொப்பியில் எழுதிவைப்பாள். இது நேரே அவருடைய கைக்கு வந்த அழைப்பு, கொப்பியில் ஏறவில்லை. சுந்தரராஜனும் பிறகு கேட்கவில்லை. வேலை செய்கிற கதவுக்காக ஒருவரும் தொலைபேசி எடுப்பதில்லை.

சனவரியில் ஒரு சனிக்கிழமை காலை, ரெய்னர்ஸ் லேனில் கமலேஸ்வரி என்ற அம்மாவின் வீட்டில் புதுக் கதவு பூட்டி முடித்தார். வானில் போய்ப் பற்றுச்சீட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு வருவதற்குள் கமலேஸ்வரி ஒரு தட்டோடு வந்து கதவின் நாலு மூலைக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டாள்.

"அண்ணை, என்ன கதவு பூட்டித் தந்தனீங்கள்? ஒருக்கா அமத்த இறங்குது, பிறகு வரமாட்டன் எண்டு போகுது. வந்த உடனயே கோபமோ?"

கல்யாணசுந்தரம் குனிந்து பார்த்தார். இரண்டு கண்ணிலும் வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம்.

"கண்ணுக்கு ஏனக்கா பொட்டு?"

"எல்லாத்துக்கும் வைக்கிற நேரம் அதுகளை மட்டும் விடுறதோ? பாவமெல்லோ."

அவருக்குச் சிரிப்பு வந்தது. துணியால் துடைத்தார். கதவு ஒழுங்காக இறங்கியது. "சுவருக்கு வையுங்கோ, சட்டத்துக்கு வையுங்கோ. கண்ணை விட்டிடுங்கோ" என்றார். சொல்லி முடிக்கும்போது அந்தச் சிரிப்பு முகத்தில் பாதியில் நின்றது.

அன்று சுந்தரராஜன் பூஜை முடித்துவிட்டுக் கிளம்பினோம் என்று சொன்னாரே, என்ன பூஜை?

ஆயுத பூஜை. காருக்கும் கணினிக்கும் பொட்டு வைக்கிற நாள்.

அந்தக் கண்களில் பழுதே இல்லை. ஒரு துணி போதும் என்றிருந்த வேலைக்கு அவர் இரண்டு கண்ணையும் பிடுங்கிக் கூரையில் கட்டச் சொல்லியிருக்கிறார். மூன்றரை மாதமாக அந்தக் கதவின் கீழே யார் நின்றாலும் அதற்குத் தெரியாது. கதவு பூட்டப் போனபோது அந்த வீட்டுக் குழந்தை ஓவியா சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தாள். இப்போது ஓடுவாள்.

தேநீர் குடிக்காமல் போகிறாரே என்று கமலேஸ்வரி வாசல்வரை வந்தாள். அவர் வானைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

சுந்தரராஜனின் வீடு ஹரோவில், மெற்றொபொலிற்றன் ரயில் பாதைக்குப் பின்புறமாக, ஒட்டியொட்டி நிற்கும் வீடுகளில் ஒன்று. வானை நிறுத்தும்போதே கண்டுவிட்டார். கதவின் அடிப்பலகை ஓரிடத்தில் உள்ளே வளைந்திருந்தது. குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் சிவப்பு மூன்று சக்கரச் சைக்கிள் ஒன்று கிடந்தது. அதன் கைப்பிடி இருக்கைக்கு மேல் மடிந்து படுத்திருந்தது.

மணியை அடிக்க ஒரு நிமிடம் எடுத்தார். உள்ளேயிருந்து குழந்தையின் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் அடித்தார்.

திறந்தது கிரிஜா, சுந்தரராஜனின் மனைவி. காலைக் கட்டிக்கொண்டு ஓவியா நின்றாள். இரண்டு கையும் இரண்டு காலும் முழுசாக இருப்பதை அவர் கண்ணால் எண்ணிக்கொண்டார்.

"வாங்கண்ணா. நாங்க போன் பண்ணலியே? கதவு நல்லாத்தான் வேல செய்யுது."

"அந்தச் சைக்கிள்…"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அதுவா. என் புத்திதான். கிறிஸ்மஸ் லீவுக்கு முன்னாடி. கார வெளில எடுத்திட்டு ரிமோட்ட அமுக்கினேன். இவ சைக்கிள வாசல்ல விட்டுட்டு க்ளவுஸ் எடுக்க அப்பத்தான் இறங்கியிருக்கா. அவ்ளோதான். கதவு நேரா அது மேல இறங்குச்சு, நிக்கவேயில்ல. ஒரு செகண்டு முன்னாடின்னா…"

முடிக்கவில்லை. கல்யாணசுந்தரம் மடிந்த கைப்பிடியைத் திரும்பிப் பார்த்தார்.

"அன்னிலேர்ந்து ரிமோட்ட அவர் ஆபீஸ் பையில போட்டு எடுத்திட்டுப் போயிடறாரு. குழந்தைய நர்சரிக்கு நடந்துதான் கூட்டிட்டுப் போறேன். கதவுல ஒரு குறையும் இல்ல, நீதான் பாக்காம அமுக்கினேங்கறாரு. அத்தைக்கும் சொல்லிட்டாரு. கோயம்புத்தூர்லேர்ந்து ஞாயித்துக்கெழமையானா போன். புள்ளையப் பாத்துக்கத் தெரியாதவளை நம்பி அனுப்பினேனேன்னு. அவங்க சொல்றதும் சரிதான், நான் பாத்திருக்கணும்."

"கராஜை ஒருக்காத் திறவுங்கோ தங்கச்சி" என்றார் அவர்.

ஏணியைப் போட்டு ஏறினார். மோட்டாருக்குப் பக்கத்தில், கூரைச் சட்டத்தில், இரண்டு கண்ணும் முகத்தோடு முகம் வைத்துக் கறுப்பு ரேப்பில் இறுகக் கட்டுண்டிருந்தன. மூன்றரை மாதமாக ஒன்றையொன்று மட்டும் பார்த்துக்கொண்டு, கீழே யாருமில்லை என்று மோட்டாருக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கின்றன.

ஆனால் கண் இல்லாவிட்டாலும் முட்டியதும் கதவு திரும்பியிருக்க வேண்டும். எந்தப் பாரத்துக்குத் திரும்புவது என்பதை மோட்டாரின் பக்கத்திலுள்ள சிறு சுழலி தீர்மானிக்கும். இலக்கம் கூடக் கூட, முட்டினாலும் திரும்பாமல் கதவு அமுக்கிக்கொண்டு இறங்கும். பூட்டிய அன்று மூன்றில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டிருந்தார். கோடு அப்படியே இருந்தது. சுழலி ஒன்பதில் நின்றது.

"இதை ஆர் திருப்பினது?"

"எனக்குத் தெரியாதுண்ணா. நவம்பர்ல ஒருநாள் குளிர்ல கதவு பாதியில திரும்பிடுதுன்னு அவர்தான் ஏணி போட்டு ஏறினாரு. அப்புறம் நல்லா இறங்குச்சு."

சில்லில் விரல் வைத்துப் பார்த்தார். காய்ந்து கிடந்தது. எண்ணெய் கேட்ட கதவுக்குப் பலத்தைக் கொடுத்திருக்கிறார் மனிதர்.

ரேப்பை வெட்டினார். இரண்டு கண்ணும் பிரிந்து கைக்குள் விழுந்தன.

"அது என்னண்ணா?" என்று கீழேயிருந்து கிரிஜா கேட்டாள்.

ஏணியில் நின்றபடி அவர் யோசித்தார். பழைய சாமான் என்று சொல்லலாம். ஐந்து நிமிடத்தில் கண்களைப் பழைய இடத்தில் பூட்டி, சுழலியைத் திருப்பி, சில்லுக்கு எண்ணெய் விட்டுவிட்டுப் போகலாம். சொல்லாவிட்டால் இவளுக்குத் தெரியப்போவதில்லை. கட்டின மனிதரும் இவ்வளவு நாள் வாய் திறக்கவில்லை. ஹரோவில் இருக்கும் இந்தியத் தமிழ் வீடுகளில் பதினொன்றுக்கு அவரை அனுப்பிவைத்தது இவள். எங்க கதவுக்காரரு ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு என்று சொல்லித்தான் அனுப்பினாள். சொன்னால் அந்தப் பதினொன்றும் போகும். சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைபேசி அடிக்கும், இவள் தலையாட்டிக்கொண்டு கேட்பாள்.

இறங்கி வந்தார். கையை விரித்துக் காட்டினார்.

"இதுதான் கதவின்ரை கண். கீழ நிண்டு ஆள் வருகுதோ எண்டு பாக்கவேண்டிய சாமான். மேல கட்டச் சொன்னது நான்."

"நீங்களா?"

"ஓம். ஒக்டோபரில தம்பி ஃபோன் எடுத்தவர். வியாழக்கிழமை வாறன் எண்டு சொல்லிப்போட்டு வரேல்லை. உங்கட சைக்கிளை நசிச்சது நீங்கள் இல்லை. என்ரை பிழை."

கிரிஜா அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். பிறகு உட்கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏங்க. கொஞ்சம் கீழ வாங்க."

சுந்தரராஜன் கால்சட்டையும் ஸ்வெட்டருமாக வந்தார். கல்யாணசுந்தரத்தையும் ஏணியையும் அவர் கையிலிருந்ததையும் வரிசையாகப் பார்த்தார். அவர் முகத்தில் ஆச்சரியம் இருக்கவில்லை. கல்யாணசுந்தரம் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். கமலேஸ்வரி வீட்டுப் பொட்டையும் சொன்னார்.

"அன்னிக்கு இந்தக் கண்ணில சந்தனம் இருந்ததோ தம்பி?"

"இருந்துச்சு சார். டேப் ஒட்டலை, அதான் துடைச்சிட்டுக் கட்டினேன்." சொன்னபிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே விளங்கியது. உடனே மனைவி பக்கம் திரும்பினார். "பாத்தியா, நீ வச்ச பொட்டுதான் எல்லாத்துக்கும் ஆரம்பம்."

"பொட்டு வைச்சதால கதவு மூடேல்லை தம்பி" என்றார் கல்யாணசுந்தரம். "மூடாத கதவு ஒருத்தரையும் நசிக்காது. கள்ளன் வருவான், மழை வரும், அவ்வளவுதான். மூடப் பண்ணினது நாங்கள்."

நாங்கள் என்று அவர் சொன்னதைக் கிரிஜா கவனித்தாள். உள்ளே போய்க் கம்பியில்லாத் தொலைபேசியும் வெளிநாட்டு அழைப்பு அட்டையுமாக வந்தாள். அட்டையிலிருந்த நீண்ட இலக்கத்தை நிதானமாக அழுத்தினாள்.

"யாருக்குப் பண்றே?"

"அத்தைக்கு. அங்க இப்பச் சாயங்காலம், டீ குடிச்சிட்டு இருப்பாங்க." ஒலிபெருக்கிப் பொத்தானை அமுக்கினாள். "அண்ணா, எங்கிட்டச் சொன்னத அவங்ககிட்டயும் சொல்லிடுங்க. நான் சொன்னா எடுபடாது."

கோயம்புத்தூர்க் குரல் கராஜ் முழுக்கக் கேட்டது. கல்யாணசுந்தரம் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு, தொலைபேசியை நோக்கிக் குனிந்து, கதவு பூட்டினவன் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார்.

"யாருங்க? மலையாளத்துக்காரருங்களா?"

"இல்லை அம்மா. யாழ்ப்பாணம்."

"அப்படிங்களா. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, பாதிதான் புரியுது."

மெதுவாகச் சொன்னார். கண் என்றால் என்ன, அது எங்கே இருக்கவேண்டும், எங்கே இருந்தது, யார் சொல்லி. கோயம்புத்தூரில் ஒரு குக்கர் விசிலடித்து ஓய்ந்தது.

"அப்ப எம் மருமக பட்டன அமுக்குனது தப்பில்லீங்களா?"

"பொத்தான் அமத்தத்தானே அம்மா வைச்சிருக்கு. அமத்தினாலும், கீழ ஏதும் நிண்டால் கதவு நிக்கவேணும். அது நிக்காமப் போனது என்னால."

"சரிங்க. ஆனா ஒண்ணு." குரல் இப்போது கொஞ்சம் கிட்ட வந்தது. "கண்ணு கிண்ணு ஒண்ணும் வேணாம்மா, முட்டுனாலே தானா மேல போயிரும், அப்படியாப்பட்ட கதவு, இவதான் கவனமில்லாத கழுதைன்னு எம் பையன் எங்கிட்டச் சொன்னானுங்களே. அது முட்டியும் ஏன் போகலீங்க?"

கல்யாணசுந்தரம் நிமிர்ந்தார். சுந்தரராஜன் எண்ணெய்க்கறை படிந்த தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓவியா அரிசி மூட்டையின் நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ரை பங்கைச் சொல்லிப்போட்டன் அம்மா. மிச்சத்தைச் சொல்ல எனக்கு ஏலாது. தம்பி இஞ்சதான் நிக்கிறார்."

அவர் எண்ணெய்ப் புட்டியை எடுத்துக்கொண்டு முதல் சில்லடியில் போய்க் குந்தினார். கிரிஜா தொலைபேசியைக் கணவனிடம் நீட்டினாள். அவர் வாங்கினார். பெருவிரல் ஒலிபெருக்கிப் பொத்தானைத் தேடிப் போனது.

"அது அப்படியே இருக்கட்டும்" என்றாள் கிரிஜா.

விரல் நின்றது. கல்யாணசுந்தரம் திரும்பிப் பார்க்காமல் ஒவ்வொரு சில்லாக எண்ணெய் விட்டார். மூன்றாவது சில்லுக்கு வந்தபோது பின்னால் சுந்தரராஜன் தொண்டையைச் செருமினார்.

"அம்மா, நவம்பர்ல நான் ஒரு வேல பண்ணினேன்."